பத்து மணித் தண்ணீர்

பூவரசம்பேட்டை உள்ளரங்க நீச்சல் குளத்தின் மூன்றாம் தடத்தில் நீந்திக்கொண்டிருந்த வடிவக்கா வலது கையால் அடித்த தண்ணீர், அடித்த அடியில் நாலடி உயரம் எழும்பி, எழும்பிய இடத்திலேயே நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு. அன்றைக்கு ஊரில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை என்று அறிவித்திருந்தார்கள், ஆனால் மின்சாரம் போகவில்லை, ஜனங்கள் அதைப் பற்றித்தான் ஆச்சரியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வடிவக்காகூட அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காய்கறி மண்டியில் இருபத்தாறு வருஷமாக எடை போடுகிறவள், தராசு முள் நிற்கக் கூடாத இடத்திலெல்லாம் நின்றதைப் பார்த்தவள். சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தவள், விரித்த முந்தானை அளவுக்கு, விளிம்பெல்லாம் துளித்துளியாகச் சிதறி, விழுவதை மறந்து தன் தலைக்கு மேலே நிற்கிற தண்ணீரைப் பார்த்து, "இது என்ன இங்க நிக்கு?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு இன்னும் பன்னிரண்டு சுற்று பாக்கி இருந்தது.

கரையில் ஈரத் தரையில் முழங்காலிட்டு, கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, அந்தப் படத்தை எடுத்தவள் ஜெபக்கனி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் கனி ஸ்டுடியோ வைத்திருக்கிறவள் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவள் கேமராவின் முதுகில் தெரிந்த படத்தைப் பார்த்தாள், நிமிர்ந்து தண்ணீரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒரு துளி கூட வித்தியாசம் இல்லாமல் ஒன்றாக இருந்தன. பதினொரு மணிக்குள் முப்பது படம் எடுத்து முடிக்க வேண்டுமே என்ற கவலையில் இருந்ததால், அதற்கு மேல் யோசிக்காமல் அடுத்த தடத்துக்கு நகர்ந்தாள்.

முப்பது படம் எதற்கு என்றால், மேலதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அந்தக் குளத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை பத்து மணியிலிருந்து பதினொரு மணி வரை மகளிர் நேரம். நான்கு வருஷத்துக்கு முன்னால் பெண்களுக்கும் ஒரு நேரம் ஒதுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, குளத்து நிர்வாகிகள் அட்டவணையை விரித்துவைத்துப் பார்த்து, ஆண்பிள்ளை எவனுக்கும் வேண்டாத நேரம் எதுவென்று தேடி, அதைத் தூக்கிப் பெருந்தன்மையாகக் கொடுத்தார்கள். அந்த வேண்டாத ஒரு மணி நேரத்தைப் பதினொரு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். பொங்கி, வடித்து, கட்டிக்கொடுத்து, அனுப்பி, கூட்டி, கழுவி, எல்லாவற்றையும் ஒன்பதரைக்குள் முடித்துவிட்டு ஓடி வந்தார்கள். வெளியிலிருந்து யாரும் பார்க்காதபடி ஜன்னல் கண்ணாடிகளில் செய்தித்தாளைப் பசை தடவி ஒட்டினார்கள். கடைத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஹமீதா, கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற நீச்சல் உடையை ஒரே துணியில் பதினொரு பேருக்கும் தைத்துக் கொடுத்தாள். ஜெபக்கனி அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. கல்யாண மண்டபங்களில் இருபது வருஷம் நின்று நின்று போன முதுகு அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் வலிக்காமல் இருந்தது, அதனால் அந்த ஒரு மணி நேரத்துக்காக அவள் யாரோடும் சண்டைக்குப் போவாள்.

கடிதம் சொன்னது இதுதான்: மகளிர் நேரம் உண்மையிலேயே பயன்பாட்டில் இருக்கிறதா என்பதற்கு, நீந்துகிறபோது எடுத்த முப்பது புகைப்படங்களைச் சான்றாக அனுப்ப வேண்டும். பதினொரு பேரும் கரையில் உட்கார்ந்து அதை வாசித்தார்கள். படமா, அதுவும் நனைந்த உடம்போடா, அதுவும் ஆபீஸ் ஃபைலுக்கா என்று ஒருத்தி கேட்டாள். ஃபைலுக்குள் போகிற படம் எந்தெந்த போனுக்குள் போய் எந்தெந்த டீக்கடையில் வெளியே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஹமீதா தன் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள், மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஜெபக்கனி அந்த வாக்கைக் கொடுத்தாள்.

"ஒருத்தி மொகமும் தெரியாது, ஒருத்தி உடம்பும் தெரியாது. நீங்க நீந்துங்க. நான் தண்ணிய மட்டும் எடுக்கேன்."

அவளால் அது முடியும். கல்யாண வீட்டில் தாலி முடிச்சு விழுகிற நொடியை எடுப்பது பெரிய வித்தை இல்லை. அந்த நொடிக்குள், நாத்தனார்க்காரியின் கையும் வீடியோக்காரனின் முதுகும் அட்சதை எறிகிறவர்களின் முழங்கையும் குறுக்கே வராத ஓர் இமைப்பொழுதைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. இங்கே அதையே தலைகீழாகச் செய்ய வேண்டியிருந்தது. கை எழும்பி விழுந்து, தண்ணீர் முழுசாக மலர்ந்து, அடித்தவளை முழுசாக மறைக்கிற அந்தப் பொழுதைப் பிடிக்க வேண்டும். வெளி வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் லென்ஸ் வியர்க்கும், கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து அது ஆறுவதற்குக் காத்திருக்க வேண்டும். ஃப்ளாஷ் போட்டால் தண்ணீர் வெளிறிப் போகும், அதனால் கூரை விளக்கை நம்பித்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொருத்தி நீச்சலுக்கும் ஒரு தாளம் இருந்தது, அதை அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டாள், எண்ணி எண்ணிச் சரியான இடத்தில் அழுத்தினாள், அழுத்திய ஒவ்வொரு முறையும் தண்ணீர் நின்றது. பதினொரு மணிக்கு எல்லோரும் தலை துவட்டிக்கொண்டு வெளியே போனபோது குளத்துக்கு மேலே முப்பது தண்ணீர்கள் நின்றுகொண்டிருந்தன.

குளத்து மேலாளர் ஆவுடையப்பன் பதினொன்றே காலுக்கு வந்து பார்த்தார். கெட்டவர் இல்லை, ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறவர். குளத்தின் நீர்மட்டம் ஒரு விரற்கடை குறைந்திருப்பதைக் கண்டு, பதிவேட்டைத் திறந்து, 'ஆவியாதல்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்.

சாயந்தரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் முதல் சனங்கள் வந்து பார்த்தார்கள், தொட்டார்கள், விரல் நனைந்ததும் சேலையில் துடைத்துக்கொண்டார்கள். கையை உள்ளே விட்டால் போனது, எடுத்தால் தண்ணீர் மறுபடி பழைய உருவத்துக்கு மூடிக்கொண்டது. கொசு ஒழிப்புக்காரர்கள் வந்து, நிற்கிற தண்ணீர் எங்கே நின்றாலும் நிற்கிற தண்ணீர்தான் என்று சொல்லி, முப்பதிலும் சொட்டு மருந்து விட்டு, சுவரில் சாக்கட்டியால் தேதி போட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்த அறிவியல் வாத்தியார் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, இது பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லித் திரும்பக் கூட்டிப் போனார். கூரை இரும்பில் கூடு கட்டியிருந்த புறாக்கள், இத்தனை வருஷம் வெளியே போய்த் தண்ணீர் குடித்த அலைச்சல் மிச்சம் என்று, தாழப் பறந்து அங்கேயே குடித்தன. யாரோ ஒரு பக்தர் வடிவக்காவின் தண்ணீருக்குச் செவ்வரளி மாலை போட்டார், அது சாமி இல்லை, நான் அடித்தது என்று சொல்லி வடிவக்கா அதைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தாள். பக்கத்து ஊரிலிருந்து போட்டோக்காரர்கள் பெரிய பெரிய லென்ஸோடு வந்து, ஆண்கள் நீந்துவதைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்த தண்ணீரெல்லாம் தண்ணீரின் வழக்கப்படி கீழே விழுந்தது. ஜெபக்கனி அந்த வாரம் எடுத்த கல்யாணத்திலும் அட்சதை கீழேதான் விழுந்தது, அதனால் கேமராவில் ஏதோ பழுது என்ற பேச்சும் அடங்கிவிட்டது.

ஒரு வாரத்தில் அது பழகிவிட்டது. பூவரசம்பேட்டைக்காரர்களுக்கு எதுவும் ஒரு வாரம்தான். பிறகு அவர்கள் அழகு பார்க்க ஆரம்பித்தார்கள். எது யாருடைய தண்ணீர் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் சனங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அகலமாக, வஞ்சகம் இல்லாமல் எழும்பியிருப்பது வடிவக்காவுடையது. ஓரமெல்லாம் ஒரே அளவில், பிசிறில்லாமல், புடவைக்கு ஓரம் அடித்த மாதிரி நிற்பது ஹமீதாவுடையது. மகள் பிரசவத்துக்கு வந்து அப்படியே ஊரில் தங்கிவிட்ட கோமதி மாமியுடைய தண்ணீர் குட்டையாகவும் கோபமாகவும் இருந்தது. மருமகள் நீந்தப் போவதை நாலு வருஷமாக வாயைத் திறந்து சொல்லாத ஒரு மாமியார், மார்க்கெட்டில் வைத்து, ஐந்தாம் தடத்தில் நிற்பது எங்கள் வீட்டுத் தண்ணீர் என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். அதைக் கேள்விப்பட்ட ஜெபக்கனிக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காத சந்தோஷம். முப்பது படத்தையும் நல்ல தாளில் அச்சடித்து, தடித்த உறையில் போட்டு, தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பதினைந்தாம் நாள் பதில் வந்தது. ஆவுடையப்பன் அதை வாசிக்க மனமில்லாமல் அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு ஓரமாய் நின்றுகொண்டார். 'அனுப்பப்பட்ட புகைப்படங்கள் முப்பதிலும் நீர் மட்டுமே காணப்படுகிறது. நபர் எவரும் காணப்படவில்லை. எனவே மேற்படி நேரம் பயன்பாட்டில் இல்லை எனக் கருதி, வரும் திங்கள் முதல் ஆடவர் போட்டிக் குழுவின் பயிற்சிக்கு ஒதுக்கப்படுகிறது. மகளிர் விரும்பினால் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து பயிற்சியைப் பார்வையிடலாம்.'

ஜெபக்கனி அதை மூன்று தரம் வாசித்தாள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்துப் பேரும் அவளுக்கு முன்னால் தங்கள் துண்டையும் சீப்பையும் அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் போட்டார்கள், கோமதி மாமி மட்டும் போகும்போது அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள், அந்தத் தட்டலில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆள் தெரியாமல் எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்தது அவள். அதை அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்தது அவள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான் பதினொரு பேருக்கும் குளம் போயிற்று. அன்றைக்கு ஸ்டுடியோவுக்குப் போய், பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவரைச் சிரிக்காதீங்க என்று சொல்ல வேண்டிய இடத்தில், சிரிக்க உங்களுக்கு என்ன இருக்கு என்று கேட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் போட்டிக் குழு இறங்கியது. இருபது இருபத்திரண்டு வயசுப் பையன்கள் பதினெட்டுப் பேர், தோளெல்லாம் உருட்டுக்கட்டை, ஜன்னல் செய்தித்தாளைக் கிழித்துவிட்டு உற்சாகமாகக் குதித்தார்கள். முதல் சுற்றிலேயே ஆறு பேர் இருமிக்கொண்டு எழுந்து நின்றார்கள். நீச்சலில் மூச்சு வாங்குவதற்கு என்று ஓர் இடம் உண்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் அங்கே காற்று இருக்க வேண்டும். பெண்களின் தண்ணீர் அந்த இடங்களில்தான் நின்றது. நாலடி உயரத்தில் நின்றவை எல்லாம் அடியில் ஒரு வால் விட்டிருந்தன, காற்று என்று நினைத்து வாயைத் திறந்தவன் வாய் நிறைய வடிவக்காவின் தண்ணீரைக் குடித்தான்.

தண்ணீரை இறக்கப் பார்த்தார்கள். முதலில் வாளியால் மொண்டார்கள், மொண்ட இடம் நிரம்பிக்கொண்டது. மோட்டார் வைத்து உறிஞ்சினார்கள், மோட்டார்தான் சூடானது. சாயந்தர நேரத்தில் நீந்த வருகிற ஒரு வக்கீல், இது ஆக்கிரமிப்பு, நோட்டீஸ் கொடுக்கலாம் என்றார், யார் பெயருக்குக் கொடுப்பது என்று கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் ஆபீஸ் கணக்குப்படி அங்கே நபர் எவரும் இல்லை. கடைசியில் குழுவின் பயிற்சியாளர்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்: படத்தில் இருப்பதால்தான் தண்ணீர் நிற்கிறது, படத்தை அழித்தால் விழுந்துவிடும்.

கடிதம் எழுதிய அதிகாரி குணசீலன் ஜெபக்கனியைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள், நடுவில் அவளுடைய முப்பது படம். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அடுத்த வாரம் பெரிய போட்டி ஒன்றை அவர் பத்து மணிக்குத் தொடங்கிவைக்கிறார், பத்திரிகைக்குப் படம் வேண்டும், ஓடுகிற தண்ணீரில் ஓடுகிற ஆளை எடுக்கத் தெரிந்தவர் இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான், நீங்களே எடுத்துத் தாருங்கள், ஆனால் அதற்கு முன்னால் பழைய படங்களை அழித்துவிடுங்கள் என்றார். பிறகு குரலைத் தணித்து இன்னொரு வழியும் சொன்னார்: பதினொரு பேரும் முகம் தெரிய, முழு உருவம் தெரிய, குளத்துக்குள் நிற்கிற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துக் கொடுத்தால், நேரத்தைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி அவர் பரிசீலிப்பார். வெளியே போகிற படம் இல்லை, ஃபைலுக்கு மட்டும்.

அவள் அதை அப்படியே ஹமீதாவின் தையல் கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள். பதினொரு பேரும் துணிக் கட்டுகளுக்கு நடுவில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். ஜெபக்கனிக்கு உள்ளுக்குள் ஆசை இருந்தது. ஒரு படம், ஒரு நொடி, எல்லாம் சரியாகிவிடும், தான் கெடுத்ததைத் தானே சரிசெய்துவிடலாம் என்ற ஆசை. வடிவக்கா, என் மூஞ்சிய மண்டியில தெனமும் ஆயிரம் பேர் பாக்கான், எடுத்துக்கோ என்றாள். கோமதி மாமிக்கும் ஆட்சேபம் இல்லை. இப்படி ஒவ்வொருத்தியாக ஒன்பது பேர் சரி சொல்லி, சுற்று ஹமீதாவிடம் வந்தபோது, அவள் தைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள்.

"எனக்கு வேண்டாம் கனியக்கா. நீங்க எல்லாரும் எடுங்க, நான் வரலன்னு எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு கேக்கேன். அந்தப் பயலுவ பதினெட்டு பேரும் குளிக்கதுக்கு யாராவது போட்டோ கேட்டாவளா?"

தெருவில் பூண்டு விற்கிறவன் கத்திக்கொண்டு போனான். இவ்வளவு நாளும் அந்தக் கேள்வி தன் மண்டைக்குள் ஏன் வரவில்லை என்று ஜெபக்கனிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஒழுங்காக எடுத்தோமா, கெடுத்துவிட்டோமா என்றே கடிதம் வந்த நாளிலிருந்து புழுங்கியவளுக்கு, எடுக்கச் சொன்னதே அக்கிரமம் என்பது இப்போதுதான் உறைத்தது. வடிவக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். ஒருத்திக்கு வேண்டாம் என்றால் பதினொரு பேருக்கும் வேண்டாம், எடை அவ்வளவுதான் என்று சொன்னாள். அத்தோடு கூட்டம் முடிந்தது. எல்லோரும் கலைந்த பிறகு ஜெபக்கனி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"போட்டிக்குப் படம் எடுக்கப் போறேன் ஹமீதா" என்றாள்.

"போங்க" என்றாள் ஹமீதா. "அவங்களுக்கும் சான்று வேணும்லா."

போட்டி நாளன்று வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒலிபெருக்கி, மேடை, சால்வை, ஆறு தடத்துக்கும் புதுக் கயிறு. ஒன்பதேமுக்காலுக்குக் குணசீலன் நாலு பேர் சூழ வந்தார். ஜெபக்கனி அவர் கண் முன்னாலேயே கேமராவிலிருந்த கார்டை அழித்தாள், ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இருந்ததைக் காலையிலேயே ஆவுடையப்பனைச் சாட்சியாக வைத்து அழித்துக் காட்டியிருந்தாள், அச்சடித்த முப்பதையும் குணசீலனே ஆபீஸில் கிழித்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். எல்லோரும் குளத்தைப் பார்த்தார்கள். முப்பது தண்ணீரும் அப்படியே நின்றன. பயிற்சியாளர் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். பொறுத்துப் பார்த்தார்கள். ஒரு புறா வந்து குடித்துவிட்டுப் போனது. நேரமாகிறதே என்று குணசீலன் சொல்ல, அவற்றுக்கு அடியிலேயே போட்டியை நடத்துவது என்று முடிவாகியது, நீந்துகிறவர்கள் மறுபக்கம் திரும்பி மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று.

மாடத்தில், பார்வையிடலாம் என்று கடிதம் அனுமதித்த இடத்தில், பத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கையில் பை இல்லை. அங்கே போகிற படிக்கட்டுக் கதவைப் பூட்டச் சொல்லி உத்தரவு இருந்தது, சாவி ஆவுடையப்பனிடம் இருந்தது, அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு விசில் ஊதியது, ஆறு பேர் பாய்ந்தார்கள், ஜெபக்கனி கரையில் முழங்காலிட்டு அழுத்தினாள். இந்த முறை ஒவ்வொன்றாக அழுத்தவில்லை. அழுத்திய விரலை எடுக்காமல் வைத்துக்கொண்டாள், நொடிக்குப் பத்துப் படம் விழுகிற வேகத்தில் வைத்துக்கொண்டாள். பாய்ந்த பாய்ச்சலில் எழும்பிய தண்ணீர் நின்றது, முதல் வீச்சில் எழும்பியது நின்றது, இரண்டாம் வீச்சில் எழும்பியது அதற்குப் பக்கத்தில் நின்றது, காலால் உதைத்தது நின்றது, திரும்பும்போது சுவரில் மோதித் தெறித்தது நின்றது, நின்றதன் மேல் ஏறி நின்றது, ஏறி நின்றதன் மேல் இன்னொன்று ஏறியது. பையன்கள் நல்ல நீச்சல்காரர்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும், அவர்கள் அடித்த அடிக்குத் தண்ணீர் ஆளுயரம் எழும்பியது. ஜெபக்கனி கரையோரமாக முழங்காலாலேயே நகர்ந்து நகர்ந்து எடுத்தாள், முட்டி சிராய்த்தது, முதுகு விண்விண்ணென்று தெறித்தது, அவளுக்கு நாலு வருஷத்தில் இல்லாத சந்தோஷமாக இருந்தது. முதல் பந்தயம் முடிந்தபோது நீர்மட்டம் இடுப்புக்கு வந்திருந்தது. நடுவர் நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த ஆறு பேரைக் கூப்பிட்டார். குணசீலன் மேடையிலிருந்து, நம்மையும் சேர்த்து எடுங்கள் என்று சைகை காட்டினார். இரண்டாம் பந்தயத்தில் கடைசிச் சுற்றில் வீரர்களின் விரல் தரையில் உரசியது. மூன்றாம் பந்தயம் பாதியில், ஆறு பேரும் முழங்கால் அளவுத் தண்ணீரில் எழுந்து நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிற்கும்போது கையை உதறிய ஒருவனின் தண்ணீரையும் அவள் விடவில்லை.

பிறகு குளத்தில் எடுப்பதற்குத் தண்ணீர் இல்லை. வெளுத்த நீல ஓடு பதித்த காலிக் குழிக்குள் பையன்கள் நின்றார்கள். தண்ணீர் முழுவதும் மேலே இருந்தது. தனித்தனியாக நின்றவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒன்றாகி, பெண்களின் முப்பதையும் உள்ளே இழுத்துக்கொண்டு, சுவருக்குச் சுவர் பரந்து, மாடத்துக் கைப்பிடிக் கம்பிக்கு ஒரு சாண் கீழே வந்து லேசாகத் தளும்பிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் பதிவேட்டைத் திறந்தார், பேனாவை எடுத்தார், கொஞ்சம் யோசித்தார், எதுவும் எழுதாமல் மூடிவிட்டார்.

முதலில் எழுந்தது வடிவக்கா. சேலையை அவிழ்த்து மடித்து நாற்காலியில் வைத்தாள், உள்ளே ஹமீதா தைத்த உடை இருந்தது. கம்பியைத் தாண்டிக் காலை விட்டுப் பார்த்தாள், குளிர் எவ்வளவு என்று பார்ப்பதுபோல. பிறகு சாவகாசமாக இறங்கினாள். கோமதி மாமி மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். ஒவ்வொருத்தியாக ஒன்பது பேரும் இறங்கிய பிறகு ஹமீதா எழுந்து, கீழே குழியிலும் கரையிலும் நிற்கிற பதினெட்டுப் பையன்களையும் மேடையில் நிற்கிறவர்களையும் ஒரு முறை பார்த்தாள். அவர்கள் அண்ணாந்துதான் நின்றார்கள். ஆனால் ஒன்பது பேர் அடித்த அடியில் தண்ணீர் வெள்ளை வெளேரென்று கலங்கியிருந்தது, எது கை, எது கால், எது யார் என்று கீழே இருந்து பார்த்த ஒருவனுக்கும் தெரியவில்லை. அதை நிச்சயப்படுத்திக்கொண்டு, அவள் புர்காவைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு இறங்கினாள்.

குணசீலன் நனைந்த சால்வையோடு மேடையை விட்டு இறங்கி வந்தார். மேலே இருந்து சாரல் அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. கோபத்தில் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன: இது அரசாங்கத் தண்ணீர், உடனே இறக்கவேண்டும், அவள் மேல் நடவடிக்கை எடுப்பார், படங்களை இந்த நிமிஷமே அழிக்க வேண்டும். அழித்தால் என்ன ஆகும் என்பதைச் சற்று முன்புதான் பார்த்தோம் என்று ஆவுடையப்பன் பின்னாலிருந்து தாழ்மையாக நினைவூட்டினார். குணசீலன் அவரை முறைத்துவிட்டு ஜெபக்கனியிடம் திரும்பினார்.

"இது எப்போதுதான் இறங்கும்?"

அவளுக்குத் தெரியாது. அது ஏன் நின்றது என்றே அவளுக்குத் தெரியாது, எப்போது இறங்கும் என்று எப்படித் தெரியும். நாளைக்கே இறங்கலாம், எப்போதும் இறங்காமலும் போகலாம். சுவரில் பெரிய கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது. அவள் எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்து முதுகை நிமிர்த்தி, இரத்தம் கட்டிய முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"பதினோரு மணிக்கு எறங்கும் சார்" என்றாள். "அதுவரைக்கும் எங்க நேரம்."

அவள் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி, பத்திரம் சார், ஈரம் படாமப் பாத்துக்கோங்க என்று அவர் கையில் கொடுத்தாள், அவரும் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். ஜெபக்கனி படிக்கட்டுக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு மாடத்துக்கு ஏறினாள். இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது.